பின் இருக்கையில் அமர்ந்த அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, அதை விசிறியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்தக் கட்டுரையை எழுத உரிமையுள்ளவர் அக்காவின் கணவரான எங்கள் பாவாதான். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்ததாக என் மனைவியைக் கேட்டார்கள். "எனக்கு அழுவ வந்துடும். இவரு எழுதட்டும். இவருக்கு எது வந்தாலும் ஒளறல்தான் வரும்" என்று என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். உளறலில் குறை இருந்தால் அவளிடம் கேட்டுக்கொள்ளவும்.

அக்கா பள்ளிப்பட்டில் ஒரு நெசவுக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசி. நடுவில் பிறந்த இருவரும் தங்கவில்லை. அதனால் எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் அக்கா பயப்படுவார். அவர் பயப்படுவதைப் பார்த்து நான் அதைவிட அதிகமாகப் பயப்படுவேன். வளர்ந்த பிறகு அக்கா தன் பங்குப் பயத்தைக் கைவிட்டார். நான் இரண்டு பங்கையும் எடுத்துக்கொண்டு இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா தறியில் உட்கார, அக்கா தறிக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே படித்துத் தேர்வு எழுதித் திருத்தணி தாலுக்கா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளம்தான். பாவா அம்பத்தூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். விடியற்காலை மின்சார ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. கல்யாணமான புதிதில் அவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே. அந்த ஞாயிறுகளை வீட்டுக்குள் செலவழிக்க அக்காவுக்கு மனம் வரவில்லை.

பிள்ளை தங்கவில்லை. ஒரு முறை அல்ல, பல முறை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் அக்கா எழுந்து வந்து அடிப்பார்.

அதற்குப் பிறகுதான் அந்த வண்டி வந்தது. பெங்களூரில் ஒருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் டூரர் மோட்டார் சைக்கிள். பந்தய வண்டியின் எஞ்சினும், நாள் முழுக்க உட்கார்ந்து போகிற உடம்பும் சேர்ந்த இனம். தெருவில் வந்து நின்றதைப் பார்த்து, எருமை மாதிரி இருக்கிறது என்றேன். "உன்ன மாதிரி இல்லடா. இது சொன்னா நிக்கும்" என்றார் அக்கா.

வாங்கிய வண்டியை வாங்கியபடியே விடுகிற பழக்கம் இருவருக்கும் இல்லை. கைப்பிடி தாழ்ந்திருந்ததால் பாவாவுக்கு மணிக்கட்டு வலித்தது, ஹேண்டில்பாரை உயர்த்தினார்கள். முன் கண்ணாடியில் மோதிய காற்று பாவாவை விட்டுவிட்டு அக்காவின் முகத்தில் அறைந்தது. உயரமான கண்ணாடி போட்டார்கள். அக்காவின் முட்டி மடங்கி நொந்ததால் பின் கால்மிதியைக் கீழே இறக்க லேத் பட்டறையில் தகடு வெட்டினார்கள். இரண்டு பக்கமும் பெட்டி வைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அக்கா ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஆங், இப்ப சரி" என்று சொன்ன பிறகுதான் பாவா போல்ட்டை இறுக்குவார்.

அக்காவுக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் பின் இருக்கைதான் பிடிக்கும். முன்னால் இருப்பவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும், பின்னால் இருப்பவருக்கு ஊரே தெரியும் என்பார். காற்று இரைச்சலில் பேச முடியாது என்பதால் அவர்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. பாவாவின் தோளில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஸ்ரீசைலம், கண்டிக்கோட்டை, சிக்மகளூர் எல்லாம் போய் வந்தார்கள். பிள்ளை இல்லாத குறைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்துக் கொஞ்சுகிறார்கள் என்று பேசியவர்களும் உண்டு. பெயர் போடவில்லை. எல்லாரும் இன்று சாப்பாட்டுக்கு வந்திருக்கிறீர்கள்.

நோய் மார்பில் வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தபோது முதுகெலும்பில் இருப்பதாகச் சென்னை டாக்டர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. அக்காவை எழுப்பிவிட்டு, அவர் படுத்திருந்த கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தவர் அக்காதான். "வியாதி எனக்காடா, உனக்காடா?" என்றார்.

வீடு திரும்பியதும் பாவா மறுபடி வண்டியில் கை வைத்தார். முதுகுக்குச் சாய்மானம் வந்தது. அது போதாமல் இரண்டு பக்கமும் கை வைக்கக் கட்டை வந்தது. அப்புறம் இருவரையும் சேர்த்துப் பிடிக்கிற ஓர் அகலப் பட்டை. வலி ஒரு படி ஏற, இருக்கையில் ஒரு பொருள் ஏறும். கடைசியில் சித்தூர் வரை போன வண்டி தெருக்கோடி வரை போய்த் திரும்பியது.

ஒரு நாள் பாவா மருந்து வாங்கப் போயிருந்தபோது அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்:

"நான் பூட்டன்னா உங்க பாவா அந்த வண்டிய உற போட்டு மூடிடுவாரு. அப்பால வேலைக்குப் போவாரு, வருவாரு, சோறு துன்னுவாரு. ஒரு நாளைக்கு நீங்க அவரையும் மூடிடுவீங்க. எனக்கு சாவறது கூட ஒன்னும் இல்லடா. அவரு வண்டிய நிறுத்திடக் கூடாது."

நான் உடனே வாக்குக் கொடுத்தேன். பயந்தவன் எதற்கும் வாக்குக் கொடுப்பான்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு பயணம் கேட்டார். அவர்கள் முதன்முதலாகப் போன ஹார்ஸ்லி ஹில்ஸுக்கு இன்னொரு முறை. டாக்டர், அவர்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லின் அர்த்தம் எங்கள் மூவருக்கும் தெரியும். நான் ஒரு வாடகைக் காரில் ஆக்சிஜன் சிலிண்டர், குளுக்கோஸ், படுக்கையில் வைக்கும் பாத்திரம், மூன்று விதமான மாத்திரை எல்லாவற்றோடும் பின்தொடர்ந்தேன். அதில் ஒரு வித மாத்திரை எனக்கு.

நகரி தாண்டியதும் அக்காவின் தலை பாவாவின் முதுகில் சாய்ந்தது. ஹெல்மெட் ஆடிக்கொண்டே போனது. எனக்கு உயிர் போய்விட்டது. டிரைவரை விடாமல் ஹார்ன் அடிக்கச் சொல்லி, முந்தச் சொல்லி, வண்டிக்குக் குறுக்கே காரை நிறுத்தி, நடு ரோட்டில் இறங்கி ஓடினேன். ஒரு செருப்பு காரிலேயே இருந்தது. அக்கா கண் திறந்தார்.

"இன்னாடா?"

"உசுரோட இருக்கியாக்கா?"

"இருந்தேன். நீ ஆரன் அடிச்சே அனுப்பிடுவ போல இருக்குது. ரெண்டு மாசமா இன்னிக்கித்தாண்டா வலி தெரியாம கண்ணு அசந்துச்சி."

பாவா திரும்பாமலே சொன்னார்: "மச்சான், போயி கார்ல உக்காரு. கண்ண மூடிகினு வா."

சந்திரகிரி தாண்டி, மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி தானாக ஓரம் கட்டியது. அக்கா இரண்டு முறை தட்டியிருக்கிறார். நாங்கள் இறக்கிப் புளியமரத்தடியில் உட்கார வைத்தோம். உதடு நீலமாக இருந்தது.

"முடியலீங்க" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

"பாதி தூரம் வந்துட்டோம்மா. மெதுவா போலாம்" என்றார் பாவா.

"வாணாம். மேல போற வழியில உங்க முதுவு மேலயே நான் பூட்டன்னா, அப்பறம் நீங்க இந்த வண்டியத் தொடுவீங்களா? திரும்பிடலாம்."

பாவா வண்டிக்குப் போய், இறுகியிருந்த ஒரு போல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவைக் காரில் படுக்க வைத்துச் சிலிண்டரைப் பொருத்தினோம். நான் அவர் காலடியில் உட்காரப் போனேன்.

"நீ இங்க எங்க வர? போயி பாவா பின்னால உக்காரு."

"அவரு வந்துடுவாருக்கா."

"பின்னால ஆளு இல்லாம அந்த மனுசன் ஒரு நாளும் இத்த இவ்ளோ தூரம் ஓட்டினது இல்ல. மொத நாளு இன்னிக்கா இருக்கணும்?"

"எனக்கு பயமா இருக்குதுக்கா."

"தெரியும்டா. பயந்துகினே உக்காரு."

உட்கார்ந்தேன். அக்காவுக்காகச் செய்த இருக்கையில் என் இடுப்பு அந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஆப்பு மாதிரி இறங்கியது. வண்டி கிளம்பியதும் கையில் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது பாவாவின் தோள். ஒரு பள்ளம் வந்தால் தோளில் அடித்தேன். லாரி வந்தால் அடித்தேன். ஆடு தெரிந்தாலும் அடித்தேன். ஒவ்வோர் அடிக்கும் வண்டி தயங்கியது. இரண்டு அடி சேர்ந்து விழுந்தால் ஓரம் கட்டி நின்றது. அக்கா இருந்த கார் எங்கோ போய்விட்டது. பாவா என் பயத்துக்கு இரக்கப்பட்டு நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரேணிகுண்டா பக்கத்தில் நின்றபோதுதான் சொன்னார்:

"டேய் மச்சான், தோளத் தொடாதடா. தட்டினா என் கை தானா பிரேக்குக்குப் போவுது. அவ தட்டுறான்னே இருக்குது."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். தோள் குலுங்கியது. சும்மா இருக்கத் தெரியாத நான், ஹெல்மெட்டுக்குள் ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று கேட்டேன். "ஆங், மாட்டிகிச்சி" என்றார். அதற்குப் பிறகு திருத்தணி வரை நான் பின்னால் இருந்த கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். நடுக்கத்தில் பல் தந்தி அடித்தது. கண்ணை மட்டும் மூடவில்லை.

அக்கா அடுத்த மாதம் வீட்டில் உயிர் நீத்தார். கணவரின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. கடைசி நாட்களில் தொட்டாலே வலித்தது. பாவாவைக்கூடத் தொட விடவில்லை. பாவா கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இதையும் எழுது என்று அவர்தான் சொன்னார்.

காரியம் முடிந்த மறுநாள், அக்கா சொன்னபடியே, பாவா வண்டிக்கு உறை போட்டார். வேலைக்குப் போனார், வந்தார், போட்ட சோற்றைச் சாப்பிட்டார்.

நோயின் நாட்களில் துணை நின்ற சென்னை மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், சிலிண்டர் கொடுத்துதவிய மருந்துக்கடைக்காரருக்கும், என் கூச்சலைப் பொறுத்துக்கொண்டு காரை ஓட்டிய டிரைவர் தம்பிக்கும், முறை வைத்துச் சமைத்து அனுப்பிய தாலுக்கா ஆபீஸ் தோழிகளுக்கும், இரவில் கண் விழித்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. கூடவே ஒரு வேண்டுகோள். இன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது, சும்மா நிற்கிற வண்டியை விற்றுவிடலாமே என்று யாரும் பாவாவிடம் சொல்ல வேண்டாம்.

சில வாரங்களாக வெள்ளிக்கிழமை இரவில், ரயிலை விட்டு இறங்கி வந்ததும், பாவா உறையை எடுத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்கிறார். பேட்டரி இறங்கிவிடும், அதற்காகத்தான் என்கிறார். ஏறுவதில்லை. பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைக்கிறார். சத்தம் கேட்டதும் நான் என் வீட்டிலிருந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறேன். வா என்று அவர் இன்னும் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கால் நடுங்குவது எஞ்சின் சத்தத்தில் தெரியாது என்பதால் அவர் அணைக்கும் வரை நின்றுவிட்டு வருகிறேன்.

கண்ணீருடன்,
தம்பி