வெயிலில் காய்ந்த எலுமிச்சைச் சாறு

என் முகத்தில் ஒருமுறைகூடப் பூசிப் பார்க்காத ஒன்றை இன்னொரு பெண்ணின் முகத்தில் பூசச் சொல்லும் உரிமையை எனக்கு யார் கொடுத்தார்கள்? சமூகப்பணியில் நான் பெற்ற முதுகலைப் பட்டம் கொடுத்தது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

அதியமான்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தருமபுரி ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனை வேலைக்கு நேர்காணல் வந்திருந்தது. இன்னும் ஐந்து நாள். கன்னமெல்லாம் பரு. மருந்துக்கடையில் க்ரீம் வாங்கக் கிளம்பியவளை வழிமறித்தேன். அந்த ட்யூப் மண்ணில் மட்க எத்தனை காலமாகும், அழகு விளம்பரங்கள் பெண்களை எப்படிச் சிறுமைப்படுத்துகின்றன என்று விளைவுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுக் காட்டினேன். பிறகு, ஏதோ வீடியோவில் பார்த்ததைச் சொந்த ஞானம்போல அறிவித்தேன்: "எலுமிச்சம்பழச் சாறு தடவி, நல்லா காயவிட்டுக் கழுவு. போதும்."

மிளகாயும் புளியும் வெயிலில் காயும் ஊரில் "நல்லா காயவிடு" என்றால் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் நான் எடைபோடவில்லை. சாற்றைத் தடவிக்கொண்டு சாமந்தி பறிக்கப் போனவள், அடுத்த இரண்டு நாளும் உச்சிவெயில்வரை முகத்தைக் காயவைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் கன்னம் கன்றிச் சிவந்து, திட்டுத் திட்டாகக் கறுத்தது.

அவளுடைய அம்மா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, பருவுக்கு வைத்தியம் சொல்றேன்னு புள்ள மூஞ்சிய வத்தல் போட்டுட்டியே!"

"நெழல்ல காயவிடணுங்கக்கா" என்றேன்.

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன? ட்யூப்பு மக்கறதப் பத்தி அத்தன நேரம் பேசுனியாமே!"

பின்னால் நின்ற மகள் குறுக்கிட்டாள். "உடும்மா. அக்கா மூஞ்சியிலயே நாலு பரு இருக்குது. அதப் பாத்தும் அவங்க சொன்னதக் கேட்டனே, என்னச் சொல்லணும்."

அரசு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். எலுமிச்சையோடு வெயில் சேர்ந்தால் தோல் வெந்துவிடும் என்றார் தோல் மருத்துவர். அவர் எழுதிக் கொடுத்ததும் ஒரு ட்யூப்தான்.

அந்த முகத்தோடு நேர்காணலுக்குப் போனவளை, தெளிந்த பின் வரச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் போனபோது இடம் நிரம்பியிருந்தது. இப்போது ஒரு செருப்புக்கடையில் வேலை செய்கிறாள். அங்கே வருகிறவர்கள் காலைத்தான் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அதன்பின் நான் யாருக்கும் முகத்துக்கு வைத்தியம் சொல்லவில்லை. கேட்கிறவர்களை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போகிறேன்.