கழிச்சல் இல்லாத கை

பொன்னி வாயில் துணியைக் கட்டிக்கொண்டு காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டால், வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். எது கேட்டாலும் பதில் வராது. ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாள். அப்புறம் வா என்று அர்த்தம். நான்கு விரல் அகலக் காகிதப் பட்டை, மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்தியது, அதில் யாருக்கும் புரியாத எழுத்து. அதன் நுனியை ஊதுவத்திக் குச்சியில் வைத்துக் கட்டைவிரலை ஓட்டுவாள். மேலே நூல் இரண்டு சுற்று. அவ்வளவுதான், அடுத்த காகிதம். எச்சில் படக்கூடாது, மூச்சுக்காற்றும் படக்கூடாது என்பது உத்தரவு. உத்தரவு போட்டவர் பாண்டிச்சேரி நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கிற கூட்டத்தோடு வந்திருந்த திபெத்தியத் துறவி. மரக்காணம் காலனியில் அவருக்கு ஸ்வெட்டர் சாமி என்று பெயர்.

பொன்னி உப்பளத்து வேலைக்காரி. பொங்கல் கழிந்து பாத்தி மிதிக்கத் தொடங்கினால் மழை வரும்வரை உப்பு. ஐப்பசியில் உப்பளம் ஏரியாகிவிடும். அப்போது முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். காலனியில் பீடி சுற்றாத பெண் கிடையாது. கழிச்சல் இல்லாதவள் பொன்னி ஒருத்திதான்.

கழிச்சல் என்பது சனிக்கிழமைச் சடங்கு. ஏஜெண்டு ஜெய்னுலாப்தீன் பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டாகப் பிரிப்பார். தளர்ந்த பீடி, வாய் பிளந்த பீடி எல்லாவற்றையும் கழித்து, இரண்டாகக் கிள்ளிப் போடுவார். சுற்றியவள் எதிரிலேயே கிள்ளுவார். பதினெட்டு வருஷத்தில் பொன்னியின் கட்டில் அவர் ஒன்றைக்கூடக் கிள்ளியதில்லை. அதற்காகப் பார்க்காமல் விட்டதும் இல்லை. கடைசிக் கட்டு வரைக்கும் பிரித்துப் பார்த்துவிட்டு, "உன்னோடத பாக்கறது கண்ணுக்குத்தான் தண்டம்" என்பார். பொன்னிக்குக் கூரை ஒழுகியது. புருஷன் மாயவன் தோன்றினால் வேலைக்குப் போவான். அவளுக்கென்று ஊரில் இருந்த சொத்து இந்தக் கை ஒன்றுதான், அது அவளுக்கும் தெரியும்.

எண்பத்தெட்டாம் வருஷம் காலனி மன்றத்துக்கு ஒரு புத்தர் வந்தார். மன்றத்துச் செயலாளர் காசிலிங்கம் பஸ் கண்டக்டர். பாண்டிச்சேரி டிரிப்பில் ஸ்வெட்டர்காரர்களோடு பழகி, அவர்களிடமிருந்து ஒன்றரை அடிப் பித்தளைச் சிலையை வாங்கி, டிக்கெட் போடாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்கே மாலை போட்டுவிடலாம் என்று நினைத்தார். ஸ்வெட்டர் சாமி விடவில்லை. உள்ளே காலியாக இருக்கும்வரை அது பாத்திரம் என்றார். மந்திரச் சுருள்களால் நிரப்ப வேண்டும், அடியைத் தகடு வைத்து மூட வேண்டும், பௌர்ணமியன்று கண் திறக்க வேண்டும், அப்புறம்தான் புத்தர்.

இதையெல்லாம் தமிழில் சொன்னவர் ஜெய்னுலாப்தீன் பாய். சாமிக்கு அரைகுறை இந்தி தெரியும், பாய்க்கு பெங்களூரில் கடை வைத்திருந்தபோது படிந்த உருது தெரியும். பள்ளிவாசலில் யாரோ கேட்டதற்கு, "நான் பூஜையா பண்றேன்? பேச்சத்தான் மாத்தி உடறேன்" என்றாராம். சுருள் சுற்ற யார் என்று சாமி கேட்டபோது, மொழிபெயர்க்காமல் பாயே பதில் சொல்லிவிட்டார்.

சுற்றி முடிக்கிறவரை பூண்டு கூடாது, வெங்காயம் கூடாது, கருவாடு கூடாது. மழைக்காலத்தில் மரக்காணத்தில் கருவாடு இல்லையென்றால் சோற்றுக்கு வேறு என்ன இருக்கிறது என்று மாயவன் கேட்டான். நியாயமான கேள்விதான். பதினோரு நாள் ரசம் குடித்தான். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஓரத்தில் குங்குமப்பூப் பொட்டு இருந்தது. அது தலைப்பக்கம், மேலே பார்த்து நிற்க வேண்டும் என்று பாய் சொன்னார். உள்ளே துளி இடுக்கு இருக்கக்கூடாது என்றும் சொன்னார். தலைப்பக்கம் பொன்னியின் காதில் விழுந்தது. இடுக்கு மனசில் விழுந்தது. இடுக்கு அவளுக்குத் தெரிந்த விஷயம்.

கடல்காற்றில் காகிதம் பதத்துப்போகும் என்று, மூடிய வெந்நீர்ப் பானை மேல் துணி விரித்துக் காயவைத்துச் சுற்றினாள். நானூற்றுச் சொச்சம் சுருள். எல்லாம் கல் மாதிரி இறுக்கம். ஆனால் கை பீடிக்குப் பழகிய கை. ஒரு முனை ஒல்லியாகவும் மறுமுனை பருமனாகவும்தான் அதற்குச் சுற்ற வரும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் மழையில் பஸ் நின்று, சாமி வர முடியவில்லை. நீங்களே நிரப்பி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். பொன்னி நிரப்பினாள். பொட்டு இருந்த பருமனான பக்கமெல்லாம் மேலே வைத்தால் கீழே இடுக்கு விழுந்தது. பீடிக் கட்டுகளைப் பெட்டியில் அடுக்குவதுபோல் ஒன்று மேல்பார்க்க, ஒன்று கீழ்பார்க்க வைத்தாள். ஊசி நுழைய இடமில்லை. காசிலிங்கம் பாத்திரக்காரரைக் கூட்டிவந்து தகட்டை ஈயம் வைத்து மூடினார்.

கார்த்திகைப் பௌர்ணமி காலையில் மழை விட்டிருந்தது. வானூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பந்தல் நிறைந்திருந்தது. ஸ்வெட்டர் சாமி சிலையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார்.

"பொட்டு வெச்ச பக்கம் எல்லாம் மேல பாத்துதானே நிக்குதுன்னு கேக்கறார்" என்றார் பாய்.

"ஆமான்னு சொல்லுங்க பாய்" என்றார் காசிலிங்கம். அவருக்கு எட்டரை மணிக்கு நிகழ்ச்சி, நோட்டீஸில் அச்சாகியிருந்தது.

பொன்னி பின்னால் பெண்களோடு நின்றிருந்தாள். உள்ளே எப்படி நிற்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சும்மா நின்றிருந்தால் அவள் காலம் முழுக்க யாருக்கும் தெரியப்போவதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பாதி தலைகீழா நிக்குது பாய்."

பாய் அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சும்மா இரு பொன்னி. நான் சரின்னு சொல்லிடறேன்" என்றார்.

"ஏம்மா, வெளியூர்லருந்து ஜனம் வந்துருக்குது. உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறாங்க?" என்றார் காசிலிங்கம்.

"நான் பாத்துட்டனே" என்றாள் பொன்னி. பிறகு பாயிடம் திரும்பி, "கழிச்சல்னு சொல்லுங்க" என்றாள்.

கழிச்சலுக்கு உருதுவில் என்ன சொல்வது என்று பாய் யோசித்தார். கடைசியில், "ரிஜெக்ட்" என்றார். ஸ்வெட்டர் சாமிக்கு அது உடனே புரிந்தது.

அவர் கோபிக்கவில்லை. எதிரில் இருந்து பார்க்க வேண்டியவன் நான், மழையைச் சாக்குச் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன் என்றார். நிலா எழும்போது கண் திறக்கலாம், அதுவரை நேரம் இருக்கிறது, தகட்டைத் திறந்து சுருள்களைப் பிரியுங்கள் என்றார். காசிலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வந்தவர்களுக்கு மத்தியானச் சோறு முதலில் போடப்பட்டது.

பெண்கள் பக்கத்தில் சாமுண்டீஸ்வரி இருந்தாள். வாராவாரம் அதிகம் கிள்ளுப்படுகிறவள். "உனக்கும் ஒரு நாள் வந்துச்சு பாத்தியா" என்றாள். அதில் அவளுக்கு இருந்த நிம்மதியை அவள் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு முந்தானையைக் கிழித்து வாயைக் கட்டிக்கொண்டு பொன்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள்.

நேராகச் சுற்றுவது அத்தனை சுலபமாக இல்லை. எல்லாச் சுருளும் தலைமேலாக நிற்க வேண்டும், இடுக்கும் இருக்கக்கூடாது என்றால் இரண்டு முனையும் ஒரே பருமனாக வர வேண்டும். பொன்னியின் கட்டைவிரல் தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. முதல் பதினைந்தும் பீடியாகத்தான் வந்தன. பிரித்தாள். மறுபடி சுற்றினாள், மறுபடி பிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது. வாயில் துணி இருந்ததால் யாரையும் திட்ட முடியவில்லை. இருபதாவது நேராக வந்தது. அதைக் கீழே உருட்டிப் பார்த்தாள், நேராக ஓடியது. அப்புறம் மற்றவர்கள் சுற்றியதையும் உருட்டிப் பார்த்தாள். கோணி ஓடியதைப் பேசாமல் அவரவர் மடியிலேயே திருப்பிப் போட்டாள். சாமுண்டீஸ்வரிக்கு ஆறு திரும்பி வந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து நூல் வெட்டிக் கொடுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தகட்டை மறுபடி மூடினார்கள். இந்த முறை சாமி கூடவே இருந்து பார்த்தார். உப்பளத்துத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிலா எழுந்தது. சாமி சிலைக்கு எதிரில் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரிந்த முகத்துக்கு நீர் வார்த்தார். கண்ணுக்குத் தூரிகையால் மை எழுதினார். இனி இது புத்தர் என்று சாமி சொல்ல, பாய் அதை உரக்கத் தமிழில் சொன்னார். ஜனம் வரிசையில் வந்து விழுந்து கும்பிட்டது.

பொன்னி கடைசியாக வந்தாள். கும்பிடவில்லை. இரண்டு கையாலும் சிலையை மணையிலிருந்து தூக்கினாள். காசிலிங்கம் பதறிப்போய் எழுந்தார், சாமி கையமர்த்தினார். பொன்னி சிலையைக் காதோடு சேர்த்து வைத்து ஒரு முறை பலமாகக் குலுக்கினாள். கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு முறை குலுக்கினாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. சிலையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கையைக் குவித்தாள்.