வெளியூர் ரைடருக்கு யார் கை தூக்குவது

எங்கள் தெருவில் கபடி டீமைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் வரி கட்டியிருக்க வேண்டும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். கல்யாணமாகித் தனிக் குடும்பம் நடத்துகிற ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கொடைச் செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கு டீமுக்குப் போகும். அதனால் எங்கள் டீமுக்கு முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது. தெருவே முதலாளி. தோற்றுவிட்டு வந்த மறுநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு, "என்ன வே, எங்க வரிய இப்படி மண்ணுல கொட்டுதிய?" என்று கேட்கலாம். கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவன் நான். பி.காம். முடித்து, சங்கரன்கோவிலிலேயே ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் என்னை டீமுக்குச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்குக் கபடி ஆட வராது. "படிச்ச பய, கணக்கு வழக்கு ஒழுங்கா இருக்கும்லா" என்று தலைவர் அண்ணாச்சி சொன்னார். அவருக்குச் சொந்தமாக விசைத்தறிகள் இருக்கின்றன. அப்பா அவரிடம்தான் தறி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். முதல் கூட்டத்தில் நான் எழுந்து பேசியபோது அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "நம்ம பய பேசும்போது ஒருத்தனும் குறுக்கப் பேசல, கேட்டியா."

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. எனக்குக் கல்யாணமாகவில்லை. ஆகவே நான் தலைக்கட்டு இல்லை. கூட்டத்தில் யோசனை சொல்லலாம், கணக்கு வாசிக்கலாம், திட்டு வாங்கலாம். முடிவெடுக்கும்போது கை தூக்க முடியாது.

டீமுக்குப் பாடப் போகிறவன் என் நண்பன். கோட்டைத் தாண்டி எதிரி இடத்துக்குள் போய்த் தொட்டு வருவதைப் 'பாடுவது' என்பார்கள் எங்கள் ஊரில். இப்போது எல்லாரும் ரைடு, ரைடர் என்கிறார்கள். எட்டாம் வகுப்புவரை அவனும் நானும் ஒரே பெஞ்சு. அவன் தறிக்குப் போனான், நான் ஒன்பதுக்குப் போனேன். அவனுக்குச் சீக்கிரமே கல்யாணமும் ஆகிவிட்டது. பெண் வீட்டுக்காரர்களிடம் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லையாம். ரைடர் என்றுதான் சொன்னார்களாம். பால்காரருக்கு அவன் வீடு ரைடர் வீடு. ஆட்டம் இருக்கிற நாட்களில் அண்ணாச்சியே வந்து அவன் தறியை நிறுத்தி, "போலே, போய்க் காலுக்கு எண்ணெய் தடவு" என்று அனுப்பிவைப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனவடலிசத்திரத்தில் நடந்த ஒரு போட்டியில் அவனுடைய வலது முழங்கால் திருகிக்கொண்டது. கட்டுப் போட்டான், நடந்தான், மறுபடி ஆடினான். ஆனால் பழைய திருப்பம் இல்லை. நாள் முழுக்கத் தறி முன்னால் நின்றால் சாயங்காலம் முட்டு வீங்கிவிடும். அந்த இரண்டு வருஷமும் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் நடக்கும் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம்.

இந்த வருஷம் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே டீக்கடையில் பேச்சு சூடுபிடித்தது. மராமத்துக்காகக் கரண்டு நிறுத்தியிருந்த ஒரு நாள். தறி ஓடாததால் தெருவே டீக்கடையில் நின்றது. நான் ஆபீஸுக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டேன்.

"வாங்க மேனேஜர்" என்றார் டீ மாஸ்டர். "இந்த வருசமாது ஆள் எடுப்பியளா? இல்ல, துட்ட பேங்க்ல போட்டு அழகு பாக்கப் போறியளா?"

"அவன் ஆடிட்டர் ஆபீஸ்லா வே. செலவுன்னாலே அவனுக்கு வயித்தக் கலக்கும்" என்றார் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர்.

"செலவழிக்காமலா இருந்தோம்? போன வருஷம் ஜெர்சி எடுத்தோம், ஷூ எடுத்தோம்" என்றேன்.

"ஜெர்சியா போய்ப் பாடிட்டு வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு கிரிக்கெட் ஏலத்துக்குத் தாவியது. கோடி கோடியாகக் கொட்டி ஆள் எடுத்த டீம் கடைசி இடத்துக்குப் போன கதையை ஒருவர் எடுத்துவிட்டார். "அவன் துட்டு, அவன் கொட்டுதான். இது நம்ம வரில்லா" என்று இன்னொருவர் மறித்தார். "வரிங்கதுனாலதான் சொல்லுதேன். குடுத்த துட்டுக்கு ஒரு கப்பாது கண்ணுல காட்டாண்டாமா?" என்றார் பூக்கடைக்காரர். பிறகு குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் சொன்னார்: "நம்ம ரைடரு இப்பம் எப்படிப் பாடுதான் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு, பஸ்ல ஏறாம வீட்டுக்கு வந்தாப்ல இருக்கு."

என் நண்பன் கடை ஓரத்தில் டீ கிளாஸோடு நின்றிருந்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அவன்தான். சிரித்துக்கொண்டே கிளாஸை வைத்துவிட்டுப் போனான். டீயில் பாதி அப்படியே இருந்தது.

அன்று ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு டீமை நடத்துகிறவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று போனில் தேடிப் படித்தேன். தேடல் எங்கெங்கோ போய் அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் சண்டை போடுகிற ஒரு பக்கத்தில் நின்றது. அந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் சண்டை தெரிந்தது. டீம் நிர்வாகம் துட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒரு கட்சி. வயசான ஆளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டது என்று இன்னொரு கட்சி. அடுத்த வருஷம் பாருங்கள் என்று பாவப்பட்ட ஒருவர். புரியாத சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். நம் பூக்கடைக்காரரும் அங்கே எழுதியிருப்பார் போலத் தோன்றியது. ஆனால் யாரைத் திட்டினார்களோ அவருக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எப்படியிருக்கும் என்று எவரும் அங்கே எழுதியிருக்கவில்லை. நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று மூடிவைத்த பிறகு புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் கொட்டகையில் கூட்டம். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். குருவிகுளம் பக்கத்தில் ஒரு பையன் இருக்கிறான், கல்லூரி டீமில் ஆடுகிறான், கூப்பிட்டால் வருவான், அவன் கேட்கிற தொகையைக் கொடுத்தால் இந்த வருஷம் கையிருப்பு துடைத்த மாதிரி ஆகிவிடும். நம் டீமிலிருந்து ஒருவன் வெளியே உட்கார வேண்டிவரும். யார் என்று அவர் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். மூன்று நாட்களாக யோசித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். ஒரு போட்டிக்காக எல்லாவற்றையும் ஒரே ஆள்மேல் வைக்கக் கூடாது. அவன் ஆடிவிட்டுப் போய்விடுவான், அடுத்த வருஷமும் இதே கேள்வி வரும். அந்தத் துட்டில் தரைக்கு மேட் வாங்கினால் தெருவில் இருக்கிற சின்னப் பையன்கள் தேறுவார்கள். நம் ஆட்டக்காரனுக்குக் காலுக்கு நல்ல டாக்டரைப் பார்த்தால் அவனே இன்னும் இரண்டு வருஷம் ஆடுவான். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். கடைசிக் காரணத்துக்காகத்தான் மற்றவற்றைத் தேடிப் பிடித்தேன் என்பதும் உண்மை.

"சரி, வரிக்காரங்க கையத் தூக்குங்க" என்றார் அண்ணாச்சி.

நான் என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஆள் எடுக்கலாம் என்று சில கைகள், வேண்டாம் என்று சில கைகள். ஏறக்குறையச் சரிபாதி. அப்பா வேண்டாம் என்கிற பக்கம் கையைத் தூக்கி, என்னைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏலே, ரைடரு, ஒன் கை எங்கல?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஆடுதவனுக்கு எதுக்கு அண்ணாச்சி கை?" என்றது ஒரு குரல்.

"அவனும் வரி குடுத்திருக்காம்லா. தலைக்கட்டுன்னா தலைக்கட்டுதான்."

நண்பன் எழுந்தான். தரையில் கையை ஊன்றித்தான் எழுந்தான். "எனக்காண்டி ஒருத்தரும் கையத் தூக்காண்டாம்" என்றான். "வரிக்காரனாச் சொல்லுதேன். ஆள எடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினான். "மக்கா, நீ நல்லாத்தான் பேசுன. ஆனா நான் பாடுனா தோத்துருவோம். அது ஒனக்கும் தெரியும்."

அப்பாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. அப்புறம் பல கைகள் இறங்கின.

திரும்பி வரும்போது கேட்டேன், "ஏன்ல இப்படிச் செஞ்ச?"

"நீ பேசிக்கிட்டு இருக்கும்போது எல்லாரும் எங்க பாத்தானுவ தெரியுமா? ஒன் மூஞ்சியவா? என் காலப் பாத்தானுவ" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு குரல் இறங்கியது. "தோத்துட்டு வந்த ஒவ்வொரு நாளும் அந்தக் கடைல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேம்லா. ஒரு வருசமாது கேள்வி கேக்குத பக்கம் நின்னு பாக்கேன். எனக்கும் வரி உண்டு, என்ன?"

நான் அவனுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இவ்வளவு படித்தும் இது தோன்றவில்லையே என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான். கை தூக்குகிற இடம் ஒன்று கிடைத்ததால்தான் அவனால் அதைச் சொல்ல முடிந்தது.

போட்டியன்று குருவிகுளத்துப் பையன் தோளில் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். எல்லாரையும் அண்ணே அண்ணே என்றான். நண்பனுக்கு மாற்று ஆட்டக்காரனாக ஜெர்சி எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கயிற்றுக்கு வெளியே தெருக்காரர்களோடு போய் நின்றுகொண்டான்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். அடுத்த ஆட்டம் கடையநல்லூர் டீமோடு. அவர்கள் இரண்டு புள்ளி முன்னால் இருக்க, கடைசிப் பாட்டு எங்களுடையது. பையன் போனான். கயிற்றோரத்திலிருந்து நண்பனின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. "ஏலே, லெஃப்ட் கார்னர் அசந்துட்டான்! உள்ள போலே! உள்ள போ!" பையன் ஒருவனைத் தொட்டான், தொட்ட வேகத்தில் திரும்பி ஓடி வந்துவிட்டான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

பையன் மைதானத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். எங்கள் ஆட்கள் யாரும் அவன் பக்கம் போகவில்லை. துட்டைக் கொடுப்பதற்காக நான் போனேன். எனக்கு முன்னால் நண்பன் அங்கே நின்றான்.

"கடைசிப் பாட்டுல ஏன்ல திரும்புன? இன்னொருத்தன் நின்னாம்லா, ஆட்டம் சமமாயிருக்கும்லா?"

"உள்ள போயிருந்தா பிடிச்சிருப்பானுவ அண்ணே."

நண்பன் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி அவனிடம் நீட்டினான். "ஆமா. பிடிச்சிருப்பானுவ" என்றான்.

வெளியே வந்ததும் வரிக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரைக் கேட்டு ஆள் எடுத்தாய் என்று கேட்டவர்களில் முக்கால்வாசிப்பேர் எடுக்கலாம் என்று கை தூக்கியவர்கள். மேட் வாங்கியிருக்கலாம் என்று ஒருவர் என்னிடமே என் யோசனையைச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நடந்தேன். நண்பனும் கூட்டத்தோடு நடந்தான். கத்தியதில் அவன் குரல் கட்டிப்போயிருந்தது. மூன்று மணி நேரம் நின்றதில் கால் லேசாக இழுத்தது.

பூக்கடைக்காரர் அவன் தோளில் கை போட்டார். "என்ன ஆளப் பிடிச்சிட்டு வந்தானுவ போ. ஏலே, நீ எறங்கியிருந்தா இன்னைக்கு நாமதான்ல ஜெயிச்சிருப்போம்."

அது பொய் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொன்னவருக்கும் தெரிந்திருக்கும். நண்பன் நின்றான். நல்ல வெளிச்சத்தில்தான் நின்றான். அவன் முகத்தை நான் பார்த்தேன். அவர் சொன்னது அவன் காதில் நன்றாகவே விழுந்திருந்தது.

"என்ன வே சொன்னீரு?" என்று கேட்டான்.

பூக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சத்தமாக, கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, அதையே மறுபடியும் சொன்னார்.