அக்காவின் கால் வழுக்கவில்லை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருக்கு நேர் இளையவனாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது.

அக்காவைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதும்படி சின்னத்தம்பி கேட்டான். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அதில் ஒன்றை, என்னைப் பற்றிய கெட்டதைச் சொல்லாமல் சொல்ல முடியாது. வயதாகிவிட்டது. இனியும் ஒத்திப்போட எனக்கு நாள் இல்லை.

அக்கா பிறந்தது ராயக்கோட்டையில். அப்பா அங்கே ரயில் நிலையத்தில் வேலை பார்த்தார். நடை பழகிய கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு, இளம்பிள்ளை வாதத்தில் அக்காவின் இடது கால் சோர்ந்துவிட்டது. பெங்களூரில் அவருக்குக் காலிப்பர் செய்து மாட்டினார்கள். காலின் இரு பக்கமும் இரும்புக் கம்பி, அவற்றைப் பிணைக்கத் தோல் பட்டைகள், அடியில் கம்பியோடு சேர்த்து அறையப்பட்ட கனத்த தோல் பூட்ஸ். அக்கா வளர வளரக் கம்பியை நீட்டிக்கொண்டு வருவார்கள். மழைக்காலத்தில் தோல் ஊறிக் கனக்கும். துரு இறங்கிப் பாவாடையில் கறை பிடிக்கும்.

கனத்தைப் பற்றி அக்கா ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவருடைய தொல்லை அந்தப் பூட்ஸ்தான். செருப்பை வாசலில் விட்டுத்தானே எந்த வீட்டுக்குள்ளும் போகிறோம்? அக்காவால் விட முடியாது. பூட்ஸைக் கழற்றினால் காலிப்பரே கழன்றுவிடும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றித்தான் நகர வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி நகர்ந்தார். பிறர் வீட்டில் நகர மாட்டார். வாசலோரம் ஒரு நாற்காலி போட்டுக்கொடுப்பார்கள், காபி அங்கேயே வரும். கோயிலுக்குப் போனாலும் வெளிப் பிராகாரத்துக்கு முன்பே நின்றுவிடுவார். பின்னாளில் சூளகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையானபோது, "நான் பூட்ஸோட உள்ள போற கட்டடம் இது ஒண்ணுதாம்ப்பா" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் என்னைப் பொறியியல் படிக்கவைத்தார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் அவருடன் பிறந்தவள் போட வேண்டியவை. என் கல்யாணத்தில் அக்கா பந்தல் வாசலில் உட்கார்ந்திருக்க, அந்த முடிச்சுகளைப் போட்டவர் எங்கள் பெரியப்பா மகள். முதல்நாள் நான் வருந்தியபோது அக்கா சொன்னார்: "பூட்ஸ் போட்டுக்கிட்டு மணமேடைல ஏற முடியுமா? கழட்டினா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும். கல்யாணப் பொண்ணு யாருன்னு வந்தவங்க கொழம்பிப்போவாங்க."

ஓசூரில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலத்தில் நான் அங்கே பிளாஸ்டிக் வார்க்கும் ஆலை ஒன்றில் பொறியாளனாகச் சேர்ந்தேன். பேட்டரிப் பெட்டிகளும் வண்டி உதிரிகளும் செய்தோம். சில ஆண்டுகள் கழித்து, பெங்களூரில் செயற்கைக் கால்களும் காலிப்பர்களும் செய்யும் பட்டறை வைத்திருந்த கன்னட நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இரும்புக்குப் பதில் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் காலிப்பர் செய்யும் முறை வெளிநாட்டில் வந்துவிட்டது என்றும், எங்கள் ஆலையில் தகடும் அடுப்பும் கிடைத்தால் தாமும் செய்து பார்க்கலாம் என்றும் கேட்டார்.

முறை எளியது. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்து, அதிலிருந்து காலின் உருவை வார்த்துக்கொள்ள வேண்டும். பால் நிறத் தகட்டை அடுப்பில் வைத்தால், பதம் வரும்போது கண்ணாடிபோல் தெளிந்து துவளும். அதை அந்த உருவின் மேல் போர்த்தி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால் தோல்போல் ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் வெட்டி எடுத்தால் கெண்டைக்காலின் பின்புறமும் பாதத்தின் அடியும் ஒரே துண்டாக வரும். கையில் எடுத்தால் கனமே தெரியாது. அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டிவிட்டால் பூட்ஸ் இல்லாமலே நடக்கலாம். அக்காவின் முழங்கால் ஓரளவு மடங்காமல் நிற்பதால் கணுக்காலைத் தாங்கினாலே போதும் என்று நண்பர் சோதித்துச் சொன்னார்.

சின்னத்தம்பியின் கல்யாணத்துக்குத் தை மாதத்தில் நாள் குறித்திருந்த சமயம் அது. இந்தக் கல்யாணத்தில் நீதான் முடிச்சுப் போடுகிறாய் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

என் தவறு இங்கே தொடங்குகிறது. வார்க்கும்போது மிஞ்சும் துண்டுகளை அரைத்து, மறுபடி புதுப் பிளாஸ்டிக் குருணையோடு கலப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. உருகி ஆறிய பிளாஸ்டிக்கை மீண்டும் உருக்கினால் வலு குறையும். பெட்டிக்கு அது பாதகமில்லை. பெட்டி வைத்த இடத்தில் இருக்கும். கணுக்கால் அடிக்கு அடி வளைந்து நிமிர்வது. அதற்கு அரைத்தது கலக்காத தகடு வேண்டும் என்று நண்பர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட தகடு வந்து சேரத் தாமதமாகியது. கல்யாணம் நெருங்கியது. எங்கள் பெட்டிகள் எத்தனை பாரம் தாங்குகின்றன என்பதில் எனக்கொரு கர்வமும் இருந்தது. ஆலையில் இருந்த, அரைத்தது கலந்த தகட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"புதுசு தானே சார்? அரைச்சது ஏதும் சேர்க்கல்லியே?" என்று நண்பர் கேட்டார்.

"சேர்க்கலை" என்றேன்.

அக்கா அதை மாட்டிக்கொண்டு முதன்முதலில் நுழைந்தது ஓசூரில் என் வீட்டுக்குள். வெறுங்காலோடு வருபவரைப்போல வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, நேரே சமையலறைக்குப் போனார். என் மனைவி அடுப்பருகில் நின்றிருந்தாள். அக்கா அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்கூட்டுக் கொழம்புல உப்பு ஏன் தூக்கலா இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது. உப்பு டப்பாவை இப்படிக் கைக்குக் கீழயே வெச்சிருந்தா வேற எப்படி இருக்கும்?" என்றார். மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை அக்கா உட்காரவே இல்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் கணுக்கால் வளைவைக் காட்டினார். "தம்பி, இங்க பாரு. நகத்தால கீறின மாதிரி வெள்ளையா ஒரு கோடு வந்திருக்குது."

கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். இந்தப் பிளாஸ்டிக் விரிசல் விடுவதற்கு முன் அப்படித்தான் வெளுக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நானே அதைக் காட்டிப் பாடம் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அக்கா அதைக் கழற்ற வேண்டும், பூட்ஸை மாட்ட வேண்டும், மறுபடி பந்தல் வாசலில் உட்கார வேண்டும். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. நண்பரிடம் சொன்ன பொய்யும் வெளிப்பட்டுவிடும்.

"அது ஒண்ணும் இல்லக்கா. புதுசுல அப்படித்தான் வரும்" என்றேன்.

அக்கா என்னைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றார்.

கிருஷ்ணகிரி மண்டபத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்திருக்கிறீர்கள். அக்கா மணமேடையில் ஏறினார். மணப்பெண்ணின் பின்னால் நின்று இரண்டு முடிச்சையும் நிதானமாகப் போட்டார். போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. அந்த நிலையிலும் ஒரு கையால் புடவையைக் கணுக்கால் வரை இழுத்து மூடிக்கொண்டு, "தண்ணி சிந்தியிருந்துது, வழுக்கிட்டேன்" என்றார். நான்தான் முதலில் ஓடினேன். தரை உலர்ந்திருந்தது. புடவைக்குள் பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்திருந்தது.

பெரியப்பா மகள் அப்போது சொன்னதைப் பலரும் கேட்டார்கள். "எப்பவும்போலக் கீழயே ஒக்காந்திருந்தா ஆவாதா? இந்த வயசுல வெறுங்கால்ல மேடையேறணும்னு என்னா ஷோக்கு? நல்ல காரியத்துல அபசகுனமாப் போச்சே."

நான் அக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அதைக் கேட்டேன். வாய் திறக்கவில்லை.

மருத்துவமனையில் எஃகுத் தகடும் திருகுகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். நினைவு தெளிந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ப்பா" என்றார். "கோட்டைக் காட்டினப்ப உன் மூஞ்சியப் பாத்தேனே."

"தெரிஞ்சுமா மாட்டிக்கிட்ட?"

"ரெண்டு முடிச்சு. அதுவரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். தாங்கிச்சே."

நான் அழுதேன். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். அக்கா தடுத்தார். "உன் கூட்டாளி பட்டறைல எத்தனை புள்ளைங்க கால் அளவு குடுத்துட்டுக் காத்துக்கிட்டிருக்குதுங்க? பிளாஸ்டிக் ஒடைஞ்சுபோச்சுன்னு பேச்சுப் பரவிச்சுன்னா, பெத்தவங்க பயந்துக்கிட்டு மறுபடியும் இரும்பைத்தான் மாட்டுவாங்க. அதுங்களும் என்னை மாதிரி வாசல்லயே ஒக்காரணும். நான் வழுக்கி விழுந்ததாவே இருக்கட்டும், போ."

நண்பரிடம் மட்டும் சொன்னேன். அந்தத் தகட்டில் வார்த்திருந்த மற்றக் காலிப்பர்களை யார் காலுக்கும் போகாமல் அன்றே உடைத்துப் போட்டோம். அவர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

பிறகு கலப்பில்லாத நல்ல தகடு வந்தது. கணுக்கால் ஓரங்களை வழவழப்பாக உருட்டி, விரிசல் தொடங்கக்கூடும் என்பதால் அங்கே துளையே போடாமல் செய்யக் கற்றோம். தோல் வாருக்குப் பதில் ஒட்டிப் பிரிக்கும் பட்டை வந்தது. உள்ளே வைக்க மெத்தென்ற நுரை வந்தது. தொண்ணூறுகளில் காலிப்பர் என்றால் பிளாஸ்டிக் என்று ஆகிவிட்டது. அக்காவும் குணமானபின் அதையே மாட்டிக்கொண்டு, ஒரு கைத்தடியோடு கடைசிவரை நடந்தார். நாட்றாம்பாளையம் போன்ற மலையூர்களிலிருந்து வரும் பிள்ளைகளைப் பள்ளி விடுமுறைகளில் நண்பரின் பட்டறைக்கு அழைத்துப்போவார். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, தாய்மார்களுக்கு எது புரியுமோ அதில் பேசுவார். எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: கணுக்காலை அடிக்கடி பாருங்கள், வெள்ளைக் கோடு தெரிந்தால் உடனே கழற்றிவிட்டு வாருங்கள், யார் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள். என்னை அருகில் வைத்துக்கொண்டே சொல்வார். குரலில் துளியும் கோபம் இருக்காது.

அக்கா என்னை மௌனமாக இருக்கச் சொன்னது அந்தப் பிள்ளைகளுக்காக. பெற்றவர்கள் பயப்படுவார்கள் என்ற நிலை சில ஆண்டுகளிலேயே நீங்கிவிட்டது. என் மௌனத்தை நான் அதற்குப் பிறகும் விடவில்லை. அந்த இடைவெளியில் உறவுக்குள் அக்கா, ஷோக்குக்கு மேடையேறி விழுந்தவர் ஆகிவிட்டார். சில வீட்டு நல்ல காரியங்களில் அவரை முன்னே வரவிடவில்லை. அவர் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முறிந்த எலும்பு கூடிவிட்டது. இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பணியாத ஒருவர் சின்னத்தம்பியின் மனைவி. தம் பிள்ளைகளின் காதுகுத்துக்கு அக்காவைத்தான் முதலில் நிறுத்தினார். யாரோ முணுமுணுத்தபோது, "அக்கா முடிச்சுப் போட்ட கல்யாணந்தான் எனக்கு நடந்துது. நான் என்னா கெட்டுப்போயிட்டேன்? இருக்கறதெல்லாம் உங்க தம்பியோட கொறட்டை ஒண்ணுதான்" என்றார். அக்கா நெடுநேரம் சிரித்தார்.

கடைசி நாட்களில் மூச்சிரைப்பால் அக்கா படுக்கையில் விழுந்தபோது, தம் வீட்டில் வைத்து ஒரு தாயைப்போலப் பார்த்துக்கொண்டவரும் அவரே. ஒரு காலை வேளையில், அவர் கையைப் பிடித்தபடி அக்காவின் மூச்சு அடங்கியது.

சின்னத்தம்பிக்கும் அவன் மனைவிக்கும், என்னை மன்னித்து அக்காவுக்குக் கடைசிவரை காலிப்பர் செய்துகொடுத்த பெங்களூர் நண்பருக்கும், மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த பள்ளி ஆசிரியர்களுக்கும், இன்று வளர்ந்து தம் பிள்ளைகளோடு வந்திருக்கும் அந்நாளைய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, அக்காவின் கால் வழுக்கவில்லை, தம்பி கொடுத்த பிளாஸ்டிக் உடைந்தது என்று சொல்லுங்கள்.

பெரியப்பா மகள் ராயக்கோட்டையில் இருக்கிறார். அவர்மேல் குறையில்லை; நான் மறைத்ததால்தான் அவர் அப்படிப் பேசினார். இப்போது அவருக்குக் கண் தெரியவில்லை, இம்மலரை அவரால் படிக்க முடியாது. யாரும் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டாம். நாளைக் காலை பஸ்ஸில் நான் போகிறேன்.