எங்காங் மரத்தடியில் ஏற்றிய கற்பூரம்

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வயதாகிவிட்டதால் எது முன்னே, எது பின்னே என்பதும் சில நேரம் மறந்துவிடுகிறது. ஆனால் இந்த வருடம் பங்குனி மாதம் பீடோங் பக்கத்தில் நடந்த இந்த ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. மறந்து தொலையட்டும் என்று நானும் எவ்வளவோ பார்த்துவிட்டேன்.

என் மகள் சுங்கை பட்டாணியில் பெக்டரி வேலை செய்கிறாள். அவளும் அவளோடு வேலை செய்கிற சில பிள்ளைகளும் லீவு நாளில் பறவை, மிருகம் பார்க்கக் காட்டுக்கும் சதுப்புக்கும் போவார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கொக்கைப் பார்த்துவிட்டு வருவாள். "இதுக்கா பெட்ரோல் போட்டுப் போறே?" என்று நான் கேலி செய்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டாள்.

"வீட்ல தனியா டிவியப் பாத்துக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க? வாங்க. எங்காங் கூடு பாக்கப் போறோம்."

எங்காங் என்றால் பெரிய மூக்குள்ள அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை. தமிழில் இருவாட்சி என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டின காலத்தில் தலைக்கு மேலே பறந்து போனதைப் பார்த்திருக்கிறேன். கூட்டைப் பார்த்ததில்லை.

விடியும்போது வேன் போய்ச் சேர்ந்தது. செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடம். எங்களைக் கூட்டிப் போனவர் அந்தப் பக்கத்துக் கம்பத்துக்காரர், அதாவது கிராமத்துக்காரர், ஒரு மலாய்க்காரர். எல்லாரும் அவரைப் பாக்சிக், நம் பேச்சில் மாமா, என்று கூப்பிட்டார்கள். அதிர்ந்து பேசாத மனிதர். தூரத்தில் ஒரு பெரிய மரத்தையும், அதன் உடம்பில் இருந்த ஒரு பொந்தையும் கையைக் காட்டிச் சொன்னார். பெண் பறவை அதற்குள்ளே போய், வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளுமாம். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அது வளர்கிறவரை வெளியே வராதாம். ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். ஆண் வரவில்லை என்றால் உள்ளே இருப்பதற்கு வேறு கதி இல்லை.

அதைக் கேட்டதும் பிள்ளை பெற்று லயத்து அறையில் கதவை மூடிக்கொண்டு கிடந்த நாட்கள் ஞாபகம் வந்தன. என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் இந்தப் பறவை மாதிரி ஒரு வாய் ஊட்டியவர் இல்லை.

சத்தம் கூடாது, கிட்டே போகக் கூடாது, சிகரெட் கூடவே கூடாது என்று பாக்சிக் சொன்னார். எனக்கு மலாய் நன்றாகவே புரியும். புரியவில்லை என்று இப்போது சாக்குச் சொல்ல மாட்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். காட்டு ஓரத்தில் கால் வைக்கும் முன்னே ஒரு மரத்தடியில் முனியாண்டிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் போவோம். பிள்ளை பெற்றவள் இருந்தால் கற்பூரத்தால் சுற்றிப்போட்டு வாசலில் வைப்போம். கண் படக் கூடாது என்பதற்காக. என் கைப்பையில் கற்பூரமும் தீப்பெட்டியும் குங்குமமும் எப்போதும் இருக்கும். இத்தனை பேர் இத்தனை பெரிய கேமராக்களை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போகிறார்களே, கண் பட்டுவிடாதா என்று எனக்குத் தோன்றிவிட்டது. சிகரெட் வேறு, கற்பூரம் வேறு, இது சாமி காரியம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் வேன் பக்கம் நின்று நாசி லெமாக் சாப்பிட்டார்கள். பாக்சிக் நாங்கள் மறைந்திருந்து பார்க்கப் பச்சை வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் முன்னால் செய்ய எனக்கு வெட்கம். ஒதுங்கப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, செம்பனை மறைவில் சுற்றி மரத்தடிக்குப் போய்விட்டேன். மரத்துக்கு மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றி வேரின் மேல் வைத்து, தாயும் பிள்ளையும் நல்லா இருக்கணும் என்று கும்பிட்டேன்.

கீழே கிடந்த சருகில் நெருப்புப் பிடித்துக்கொண்டது. சிலிப்பரால் மிதித்து மிதித்து அணைத்தேன். அணைந்ததே தவிர புகை கூடிப்போனது. காற்று இல்லை. மரத்தின் உடம்போடு ஒட்டிக்கொண்டு நேரே பொந்தைப் பார்த்துப் போனது. உள்ளே ஏதோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. பயந்துபோய் ஓடிவந்து வலைக்குப் பின்னால் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஆண் வந்தது. முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி இறக்கைச் சத்தம். அலகில் சிவப்பாக ஒரு பழம். நேரே பொந்துக்கு வந்து, கடைசியில் திரும்பிவிட்டது. தூரத்து மரத்தில் உட்கார்ந்து கத்தியது. பொந்தின் கீறலில் ஒரு அலகு நுனி தெரிந்தது. திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. ஆண் இன்னொரு முறை வந்து பார்த்தது. அப்புறம் அந்தப் பழத்தோடேயே மலைப்பக்கம் பறந்து போய்விட்டது. அந்த அலகு அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பாக்சிக் தொலைநோக்கியைத் தாழ்த்தி மரத்தடியைப் பார்த்தார். புகை இன்னும் லேசாக இழைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இருந்த ஒல்லிப் பையனிடம் தண்ணீர் போத்தலைக் கொடுத்து, சத்தம் போடாமல் போய் அணைத்துவிட்டு வா என்றார். அவனும் மகளோடு வேலை செய்கிறவன்தான், அதிகம் பேசாதவன். பெக்டரியில் பிரேக் விட்டால் சிகரெட்டும் கையுமாக நிற்பான் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

அவன் திரும்பி வந்ததும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

"டேய், நாங்க சாப்பிடறப்ப அங்க போயி ஊதிட்டு வந்தியா?"

"அரை நாளு ஊதாம இருக்க முடியலியாடா ஒனக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"சோரி பாக்சிக்," என்றான். அவ்வளவுதான்.

பாக்சிக் திட்டவில்லை. நாம் இருந்தால் ஆண் வராது, கிளம்புவோம் என்று மட்டும் சொன்னார். வலையை அவிழ்க்கும்போது பொந்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். வருடா வருடம் அந்தக் கூட்டைக் காத்துவருகிறவராம்.

வேனில் அவனை அதிகமாகத் திட்டியது என் மகள்தான். "உள்ள ஒரு தாய் பட்டினியா கெடக்குது. ஒனக்கு ஒரு சிகரெட் பெருசாப் போச்சு. மனுசனாடா நீ?" என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பி மரங்களைப் பார்ப்பது போல இருந்தேன்.

பீடோங்கில் ஒரு கடையில் சாப்பிட நிறுத்தினார்கள். அவன் தனி மேசையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து வந்து எனக்கு ஒரு கிளாஸ் தே தாரேக், ஆற்றின பால் டீ, வைத்துவிட்டு, குனிந்து என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"கைய கழுவிட்டுச் சாப்பிடுங்க பாட்டி. வெரல்ல குங்குமம் இருக்கு."

குழாயடியில் நின்று தேய்த்தேன். குங்குமம் போய்விட்டது. அப்புறமும் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த அலகுதான். திறக்கும், மூடும். "பாக்சிக் ஏதாச்சும் சொன்னாராம்மா?" என்று மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் சாயங்காலம் மகளின் போன் குரூப்பில் பாக்சிக் வீடியோ அனுப்பினார். ஆண் வந்து பொந்தில் தொற்றிக்கொண்டு ஒவ்வொரு பழமாக ஊட்டிக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன்.

"நல்ல வேளை, தப்பிச்சிச்சு. இனிமே அந்தப் பயல எங்கேயும் கூட்டிட்டுப் போறதில்ல. எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு," என்றாள் மகள்.

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். 

"ஏம்மா, வேன்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் அவன என்னென்ன பேசினேன்!"

அந்தக் குரூப்பில் என் குரலைப் பதிந்து அனுப்ப, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நீங்களே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்." மைக்கில் பேசியே பழக்கமில்லாதவள் நான்.  "நெருப்பு வெச்சது நான்தான்யா. அந்தத் தம்பி இல்ல. என்னை மன்னிச்சிருங்க," என்று ஒரு வழியாகச் சொன்னேன். பாக்சிக்குக்கும் மலாயில் ஒரு தரம் சொன்னேன்.

அந்தப் பையனிடமிருந்து சிரித்துக்கொண்டே குரல் வந்தது. "பரவாயில்லலா பாட்டி. அன்னைக்கு நான் சிகரெட் பாக்கெட்டையே வீட்ல வெச்சிட்டுத்தான் வந்தேன். மரத்துல பொட்டப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. அடுத்த தடவ நீங்க மட்டும் வாங்க, கற்பூரம் வேணாம்."

பாக்சிக் பதில் போடவில்லை. இன்றுவரை போடவில்லை. அதில் தப்பில்லை.

மகள் இப்போதும் அவர்களோடு போகிறாள். அவனும் போகிறான். என்னையும் கூப்பிடுகிறார்கள். முகத்தைக் காட்ட வெட்கமாக இருக்கிறது, நான் போவதில்லை. அந்தப் பறவைக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு கிட்டே போனேன். அந்தப் பையனுக்கு உண்மையாகவே நல்லது செய்ய வேண்டிய நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பறவையின் பெயர், வாசலை எதனால் அடைக்கும், எதுவரை உள்ளே இருக்கும் என்பதெல்லாம் நான் காதால் கேட்டதுதான். தப்பாக இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக்கொடுங்கள். நெருப்புக்குச்சியைக் கிழித்தது நான்தான் என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.