காட்டுப்பாக்கம் நீச்சல் குளம்: புற ஊதா விளக்கும் ஈர மிதியடியும்

எனக்குப் படர்தாமரை வந்து ஆறியிருந்தது என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட "நீந்தப் போறேன்" என்றேன், அவ்வளவுதான். முன்பு நீந்திய குளத்தில் ஒட்டியது என்றே நினைக்கிறேன். மாதக்கணக்கில் களிம்பு, மாத்திரை. இனி நீந்தலாம் என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். மறுபடி வந்தால் நீச்சலையே விட்டுவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். காட்டுப்பாக்கத்தில் ஒரு குளத்தில் தண்ணீரிலுள்ள கிருமிகளைக் கொல்லப் புற ஊதா விளக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

அண்ணனூரிலிருந்து ஆவடிக்கு ரயில், ஐந்து ரூபாய். அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து. பத்து கிலோமீட்டர்தான், ஆனால் பருத்திப்பட்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. பிறகு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பெண்களுக்கான நேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை, கட்டணம் நூற்றைம்பது.

விளக்கைப் பார்க்கலாமா என்று கேட்டதும், குளத்தைப் பராமரிக்கும் அண்ணன் உற்சாகமாக மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீர் ஓர் எஃகுக் குழாய் வழியாகப் போகிறது. விளக்கு அதற்குள்ளே, கண்ணாடி உறையில். அந்த உறையை வாராவாரம் துடைக்கிறார்கள். குளோரினையும் நிறுத்தவில்லை. எனக்குத் திருப்திதான்.

உடை மாற்றும் அறைக்குப் போனபோதுதான் பார்த்தேன். குளத்துக்குப் போகும் வழியில் குளோரின் தண்ணீரில் கால் நனைக்கும் தொட்டி காய்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு துணி மிதியடி. வருகிறவர், போகிறவர் எல்லோரும் அதில்தான் காலைத் துடைத்தார்கள். சொதசொதவென்று இருந்தது.

வெளியே வந்து, தொட்டி ஏன் காய்ந்திருக்கிறது என்று அந்த அண்ணனிடம் கேட்டேன்.

"அதான் லைட்டு வந்துட்ச்சே, தொட்டி இன்னாத்துக்கு?" என்றார்.

"லைட்டு குழாய்க்குள்ள இருக்குண்ணே. என் காலை அதுக்குள்ள விட முடியுமா?"

வரிசையில் நின்ற ஓர் அக்கா சத்தமாகச் சிரித்தார். "கால வுட்டா மோட்டார் நின்னுடும் நைனா!"

"நீ வேற சும்மா இரு அக்கா," என்று அண்ணன் அவரை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு எதுனா வந்துகீதா?"

"தரையைப் பத்தித்தான் கேட்டேன்."

முணுமுணுத்தபடியே மிதியடியைச் சுருட்டி எடுத்தார். தொட்டியைக் கழுவி, தண்ணீர் விட்டு, குளோரின் கலந்தார். அந்த அக்காதான் முதலில் கால் வைத்தார். நான் ஒரு மணி நேரம் நீந்தினேன்.

போக நினைப்பவர்களுக்கு: அந்த விளக்கு தன்னைக் கடந்து போகும் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொள்ளும். தரை, மிதியடி, இரவல் துண்டு எதுவும் அதன் பொறுப்பில் இல்லை. செருப்பும் துண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். குளித்ததும் விரலிடுக்கு, தொடையிடுக்கு எல்லாம் ஈரம் போகத் துடையுங்கள். மோட்டார் அறையைக் காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

அதன் பிறகு மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் அங்கே நீந்துகிறேன். படர்தாமரை திரும்ப வரவில்லை.