பேர்ண் நிலையத்தில் ஒரு வாழ்த்து

ஜெனீவா ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பேர்ண் நிலைய உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தொலைக்காட்சியில் அமைச்சர்கள் கைகுலுக்குகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் நான்கு கூட்டுச் சேர்ந்து ஒரு போர் விமானம் செய்யப்போகின்றனவாம். இத்தாலியும் அதில் உண்டு.

இங்கே சமையல்காரர் இத்தாலியர். அவருடைய தம்பிக்கு டூரின் விமானத் தொழிற்சாலையில் வேலை. ஆட்குறைப்புப் பயம் இன்றோடு தீர்ந்ததென்று எல்லோருக்கும் வைன் ஊற்றுகிறார்.

இதையெல்லாம் எனக்கு விளக்குபவர் பாத்திரம் கழுவும் ரவி. பருத்தித்துறைக்காரர். தமிழ் முகம் கண்டு அருகில் வந்து நிற்கிறார்.

"எங்கட வீட்டுக்குப் பொம்மர் வந்து குண்டு போட்டது, அண்ணை. அம்மா உள்ளுக்கை நிண்டவ," என்கிறார் தணிந்த குரலில்.

வைன் ஊற்றிக்கொண்டிருக்கும் சமையல்காரரைப் பார்க்கிறேன். "இவருக்குத் தெரியுமா?" என்று கேட்கிறேன்.

"இல்லை. எப்பிடிச் சொல்லுறது? இவரின்ரை தம்பிக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கினம். வேலை போயிருந்தா அதுகள் என்ன செய்யும்?"

அதற்குள் சமையல்காரர் வந்து ரவியின் கையில் ஒரு கிளாஸைத் திணிக்கிறார். உங்கள் மொழியில் எப்படி வாழ்த்துவீர்கள் என்று ஜெர்மனில் கேட்கிறார். ரவி கிளாஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்:

"ஒருத்தரும் சாகக் கூடாது."

சமையல்காரர் கிளாஸை உயர்த்தி, நாக்குத் தடுமாற, அதையே உரக்கச் சொல்கிறார். மேசைகளில் இருப்பவர்களும் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்கிறார்கள். நானும் எழுந்து நின்று சொல்கிறேன்.